சத்தியத்துக்கு எவ்வளவு ஜாமீன்?

ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டிருக்கிறது என்பதை அவருக்கு முறைப்படி அறிவித்து, அவர் வந்து தம் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க அவகாசமும் அளித்த பின்னரே, அவரைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பை வழங்கும் அதிகாரம் நியாயஸ்தலத்துக்கு உண்டாகிறது என்பது நாகரிக தேசங்கள் யாவும் ஒப்புக்கொண்டிருக்கும் மூலாதாரக் கொள்கை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1950-ஆம் ஆண்டில் முல்லேன் வழக்கில் இக்கொள்கைக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. அறிவிப்பு என்பது உரியவருக்கு உண்மையிலேயே போய்ச் சேரும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க வழியில் செய்யப்பட வேண்டும். வெறும் சம்பிரதாயத்துக்காகச் செய்யப்படும் அறிவிப்பு சட்டத்தின் கண்ணில் அறிவிப்பே ஆகாது என்பது அதன் சாரம்.

அந்த அறிவிப்பைச் சுமந்து சென்று கொடுப்பவர் யார் என்ற கேள்வி எழும்போது, நம் வாசகர்களுக்குக் கோர்ட்டுச் சேவகரும் அமீனாவும் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் சர்க்கார் சம்பளம் பெறுபவர்கள்; பொய்க் கணக்கு எழுதினால் விளக்கம் கேட்கவும் வேலையை விட்டு நீக்கவும் அவர்களுக்கு மேலே அதிகாரிகள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலோ இந்தக் காரியம் பெரும்பாலும் தனியார் தொழிலாகிவிட்டது. அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றங்களின் சிவில் நடைமுறை விதிகளுள் நான்காவது விதி, பதினெட்டு வயது நிரம்பியவரும் வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவருமான எவரும் சம்மனைச் சார்வு செய்யலாம் என்று கூறுகிறது. முன்பு சர்க்காரின் மார்ஷல்கள் செய்துவந்த இவ்வேலையின் பெரும்பகுதி 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அவர்கள் கையை விட்டு அகன்றது. மாநில நீதிமன்றங்கள் பலவற்றிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. வக்கீல் அலுவலகம் தாள்களைக் கட்டாகக் கட்டி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. நிறுவனம் அவற்றைத் தனித்தனிச் சேவகர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. சேவகருக்குத் தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சில டாலர் கூலி கிடைக்கிறது. ஆள் அகப்படாமல் திரும்பி வந்த நடைக்குக் கூலி குறைவு, அல்லது கூலியே இல்லை என்ற ஏற்பாடு எங்கே இருக்கிறதோ, அங்கே பொய்யும் அப்பொழுதே குடியேறுகிறது.

தாளைக் கொடுத்த பின் சேவகர் பிரமாணப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திடுகிறார். நியூயார்க் மாநிலத்துச் சட்டம் கோரும் பத்திரத்தைச் சற்றே உற்றுப் பார்ப்போம். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த விலாசத்தில் தாள் கொடுக்கப்பட்டது என்பதோடு, அதை வாங்கியவர் ஆணா பெண்ணா, தோலின் நிறம் என்ன, தலைமயிரின் நிறம் என்ன, வயதும் உயரமும் எடையும் உத்தேசமாக எவ்வளவு என்பனவும் அதில் எழுதப்பட வேண்டும். பிரதிவாதி வீட்டில் இல்லையென்றால், விவரம் தெரிந்த வயதுடைய வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் தபாலிலும் ஒரு பிரதியை அனுப்பலாம். தக்க முயற்சி செய்தும் ஒருவருமே அகப்படாவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுத் தபாலில் அனுப்பலாம். இத்தனை நுட்பமான விவரங்களைக் கொண்ட பத்திரத்தைப் படிக்கும் நீதிபதிக்கு அது உண்மையென்றே தோன்றும். ஆனால் நாற்பது வயது மதிக்கத்தக்க, கறுத்த தலைமயிருடைய ஒரு பெண்ணை, அந்தத் தெருவுக்கே போகாமல், மேஜையின் முன் அமர்ந்தபடியே சிருஷ்டித்துவிடவும் முடியும் என்பதை அம்மாநிலத்தின் அனுபவம் காட்டிவிட்டது.

அந்த அனுபவம் நேற்று முளைத்ததன்று. தவணை முறையில் ஏழைகளுக்குப் பண்டம் விற்றுவிட்டு, சம்மனைக் கொடுக்காமலே கொடுத்ததாகச் சத்தியம் செய்து, எதிர்ப்பின்றி டிக்ரிகளைச் சேர்த்துக்கொண்ட வியாபார முறையைத் தடுக்கும்படி அமெரிக்க சர்க்காரே ஒரு நகை வியாபார நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அவ்வாறு தொடுக்கும் உரிமை சர்க்காருக்கு உண்டென்று நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் 1970-இல் கூறியது. நாற்பதாண்டுகள் உருண்டோடிய பின் 2009-இல், நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் சம்மன் சார்வு நிறுவனம் ஒன்றின்மீது நடவடிக்கை எடுத்ததோடு, முப்பத்தைந்து வக்கீல் நிறுவனங்களையும் இரண்டு கடன் வசூல் நிறுவனங்களையும் எதிர்த்து, ஏறத்தாழ ஒரு லட்சம் டிக்ரிகளை ரத்துச் செய்யும்படி மனுச் செய்தார். அதே ஆண்டில் கடன்பட்டவர்கள் பலர் சேர்ந்து தொடுத்த இன்னொரு வழக்கில், ஒரே சேவகர் ஒரே நேரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தாள் கொடுத்ததாக எழுதப்பட்ட பதிவுகள் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. அந்த வழக்கு, பிற்பாடு 5.9 கோடி டாலர் தரும் சமரசத்தில் முடிந்தது.

சம்மன் கைக்கு வராதவனுக்கு நேரும் நஷ்டம் எத்தகையது என்பதை அளந்து பார்த்தால்தான், அதற்கு ஈடாக எவ்வளவு ஜாமீன் கேட்பது நியாயம் என்ற வினாவுக்கு விடை காண முடியும். 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரால்டா வழக்கு இதற்குத் தக்க சான்று. டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த பெரால்டா என்பவர், தம்மிடம் வேலை பார்த்தவருடைய ஆஸ்பத்திரிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தார். சுமார் 5,600 டாலருக்காக ஆஸ்பத்திரி அவர்மீது 1982-இல் வழக்குத் தொடுத்தது. சார்வு முறைப்படி நடக்கவில்லை. அவர் வராமையால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி பிறந்தது. அவருக்குத் தெரியாமலே அவருடைய ஸ்தாவர சொத்து ஏலத்தில் போய்விட்டது. அவர் பின்னர் நீதிமன்றத்தை அணுகியபோது, கடன் உண்மைதானே, முன்னரே தெரிந்திருந்தாலும் இதே தீர்ப்புத்தானே கிடைத்திருக்கும் என்று கீழ்நிலை நீதிமன்றங்கள் கைவிரித்தன. உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தகவல் கிடைத்திருந்தால் அவர் கடன்பட்ட தொழிலாளியையும் வழக்கில் இழுத்திருக்கலாம், சமரசம் பேசியிருக்கலாம், பணத்தைக் கட்டியிருக்கலாம், அல்லது ஏலத்துக்கு விடாமல் சொத்தைத் தாமே நல்ல விலைக்கு விற்றிருக்கலாம் என்று அது எடுத்துக் காட்டியது. கடன் உண்மையா பொய்யா என்பது வேறு, தன் விதியைத் தானே நிர்ணயித்துக்கொள்ளும் சந்தர்ப்பத்தை ஒருவன் இழந்தானா என்பது வேறு என்ற இந்தப் பாகுபாடு மிகவும் முக்கியமானது. பிறருக்காக ஜாமீன் நின்று அந்தப் பொறுப்புக்குத் தம் சொத்தையே பறிகொடுத்தவர் அவர்; அவருக்குச் சம்மன் கொடுக்க வேண்டியவரோ, தம் கடமைக்கு எந்த ஜாமீனும் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் நாட்டின் பல பகுதிகளில் இன்றும் இல்லை.

சொத்தில்லாதவர்களின் கதை இதனினும் பரிதாபமானது. டிக்ரி பெற்றவர் கடனாளியின் பாங்கிக் கணக்கை முடக்கலாம். சம்பளத்திலும் பிடித்தம் செய்யலாம். சாதாரணக் கடன்களைப் பொறுத்தவரை ஃபெடரல் சட்டம் இதற்கு இட்டிருக்கும் உச்ச வரம்பே, கைக்கு வரும் சம்பளத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து வரை போகிறது. நியூயார்க்கில் ஒரு பணத் தீர்ப்புக்கு இருபது ஆண்டு ஆயுள். நுகர்வோர் கடன்களுக்கான தீர்ப்பு வட்டியை 2022-இல் 2 சதவீதமாகக் குறைக்கும் வரையில் அது ஆண்டுக்கு 9 சதவீதமாக இருந்தது. அதாவது 3,000 டாலர் டிக்ரி ஒன்று, அதைப் பற்றி ஒன்றுமே அறியாத மனிதன் உழைத்து உண்டு உறங்கிய பத்தாண்டுகளில் மேலும் 2,700 டாலரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மாதக் கடைசியில் வீட்டு வாடகைக்காகப் பாங்கிக்குப் போகும்போதுதான், தன் பெயரில் ஒரு வழக்கு நடந்து முடிந்துவிட்டது என்ற செய்தியே அவன் காதில் விழுகிறது.

இந்தத் தீமைக்குச் சட்டம் கண்ட பரிகாரங்களுள் ஒன்றுதான் ஜாமீன் பத்திரம். இதில் மூவர் சம்பந்தப்படுகிறார்கள்: சட்டப்படி ஒழுகுவதாக ஒப்புக்கொள்ளும் சேவகர், அந்த ஒப்புதலைக் கேட்டு வாங்கும் சர்க்கார், சேவகர் தவறினால் பத்திரத்தில் கண்ட தொகை வரையில் நஷ்டத்தைக் கொடுப்பதாக ஏற்கும் ஜாமீன் கம்பெனி. இதை இன்ஷூரன்ஸ் என்று எண்ணிக்கொள்வது பிழை. இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டத்தைத் தானே தாங்குகிறது. ஜாமீன் கம்பெனியோ பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த பணத்தைச் சேவகரிடமிருந்தே திரும்ப வசூலிக்கும் உரிமை பெற்றது. ஆகவே பாரம் இறுதியில் தவறு செய்தவர் தலையிலேயே இறங்குகிறது; பாதிக்கப்பட்டவரோ, காசில்லாத ஒரு சேவகரைத் தேடித் துரத்தும் வீண் சிரமத்திலிருந்து தப்புகிறார். சேவகர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டியது பத்திரத் தொகையில் ஒரு சிறு பங்கான பிரீமியம் மட்டுமே.

ஏற்பாடு நல்லதுதான், ஆனால் தொகைகளைப் பார்க்கும்போது மனம் சஞ்சலமடைகிறது. கலிஃபோர்னியாவில் ஓர் ஆண்டில் பத்துக்கு மேற்பட்ட தாள்களைக் கூலிக்குச் சார்வு செய்பவர் மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்காக அவர் காட்ட வேண்டிய ஜாமீன் 2,000 டாலர். அதற்குப் பதிலாக அந்தத் தொகையை ரொக்கமாகவும் கட்டலாம். ஓக்லஹோமாவில் 5,000 டாலர். மான்டானாவில் தனிநபருக்கு 10,000 டாலரும் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் டாலரும். நியூயார்க் நகரத்திலும், 2010-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நகரச் சட்டத்தின்படி, தனிச் சேவகருக்கு 10,000 டாலர், நிறுவனத்துக்கு ஒரு லட்சம் டாலர். இன்னும் பல மாநிலங்கள் ஜாமீனே கேட்பதில்லை.

கலிஃபோர்னியாவின் நிலையைத் தனியே எடுத்து ஆராய்வது அவசியம். ஏனெனில் அங்கே சட்டம் ஒரு கையால் கொடுப்பதற்கும் மறு கையால் கேட்பதற்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வு வெளிப்படையாகத் தெரிகிறது. அம்மாநிலத்துச் சாட்சியச் சட்டத்தின் 647-ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற சேவகர் தம் பத்திரத்தில் எழுதிய செய்திகள் உண்மை என்ற அனுமானம் எழுகிறது. அவை உண்மையல்ல என்று காட்டும் சாட்சியத்தைக் கொண்டுவருவது எதிராளியின் பொறுப்பாகிறது. ஒரு காரியம் நடந்தது என்று நிரூபிப்பதே சுலபம். நடக்கவில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையில் என் கதவை யாரும் தட்டவில்லை என்று, பல மாதங்கள் கடந்த பின் நிரூபிப்பது எவ்வளவு கடினம்! அந்தக் கடினத்தைக் குடிமக்கள் தலையில் ஏற்றி, சேவகரின் வாய்மொழிக்கு இத்தனை கௌரவம் அளிக்கும் சர்க்கார், அதற்கு ஈடாக அவரிடம் கேட்பது 2,000 டாலர். நாளொன்றுக்கு எட்டுத் தாள் வீதம் ஆண்டுக்கு 250 நாள் வேலை செய்யும் ஒரு சேவகரை எண்ணிக்கொள்வோம். அவர் கை வழியே 2,000 தாள்கள் போகின்றன. தாள் ஒன்றுக்கு அவருடைய சத்தியத்தின் பின்னே நிற்கும் பொருள் ஒரே ஒரு டாலர். நியூயார்க் நகரத்துச் சேவகருக்கு இதே கணக்கைப் போட்டால் ஐந்து டாலர். எல்லாத் தாள்களும் பொய்யாகப் போய்விடுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் இந்தத் தொழிலில் பொய் நுழையும்போது அது ஒன்றிரண்டோடு நிற்பதில்லை, வழக்கமாகவே மாறிவிடுகிறது என்பதற்கு மேலே கண்ட வழக்குகள் சாட்சி. அப்பொழுது நூறு பேர் ஒரே பத்திரத்தை நோக்கிக் கை நீட்டுவார்கள்; முதலில் வருபவருக்கு ஏதோ கிடைக்கும், மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஆகவே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது: எவருடைய சொல்லுக்குச் சட்டம் பிரமாணத்தின் பலத்தைக் கொடுக்கிறதோ, அவரிடம் கேட்கும் ஜாமீன், அந்தச் சொல் பொய்யானால் விளையும் தீங்கைக் கொண்டே அளக்கப்பட வேண்டும், அவருடைய மடியின் கனத்தைக் கொண்டோ பழைய சட்டப் புத்தகத்தில் எப்போதோ அச்சான ஒரு தொகையைக் கொண்டோ அளக்கப்படலாகாது.

இதற்கு ஆக்ஷேபணைகள் உண்டு. அவை அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. முதலாவது, ஜாமீன் தொகையை உயர்த்தினால் ஏழைச் சேவகர்கள் தொழிலை விட்டே விரட்டப்படுவார்கள், பெரிய நிறுவனங்களே எஞ்சும் என்பது. ஜாமீன் கம்பெனிகள் பிரீமியத்தை நிர்ணயிக்கும்போது பெரும்பாலும் பார்ப்பது மனிதனுடைய கடன் வரலாற்றை. அவனுடைய வாய்மையை அல்ல. வறுமையில் கடன் தவணை தவறிய நேர்மையாளர் அதிகப் பிரீமியம் கட்ட நேர்கிறது. கடன் வரலாறு தூய்மையாக உள்ள புளுகர் குறைந்த செலவில் ஜாமீன் பெறுகிறார். இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இதற்குப் பரிகாரம் ஜாமீனைக் குறைப்பதன்று, அதைச் சுமக்க வேண்டியவர் தோளில் ஏற்றுவதே. ஆயிரக்கணக்கான தாள்களை வாங்கிப் பங்கிட்டு, சேவகருக்குக் கொடுக்கும் கூலியையும் கெடுவையும் நிர்ணயித்து, அதில் லாபம் காண்பவர் நிறுவனத்தார். உண்மையாக நடந்து சென்றால் கட்டுப்படியாகாத கூலியைக் கொடுத்துவிட்டு, பொய் வெளிப்பட்டபோது அது சேவகர் செய்த குற்றம் என்று அவர்கள் கை கழுவ இடங்கொடுப்பது தர்மமன்று. நியூயார்க் நகரமும் மான்டானாவும் நிறுவனத்துக்குப் பத்து மடங்கு ஜாமீன் விதித்திருப்பது சரியான திசையில் வைத்த அடி. அடுத்த அடி, நிறுவனத்தின் ஜாமீன் அது ஆண்டுதோறும் கையாளும் தாள்களின் தொகைக்கேற்ப வளரும்படி செய்வது. நிறுவனத்தின் ஜாமீன் நிழலில் வேலை செய்யும் தனிச் சேவகருக்குச் சிறு தொகையே போதும்.

இரண்டாவது ஆக்ஷேபணை, இந்தச் செலவெல்லாம் கடைசியில் வழக்குத் தொடுப்பவர் தலையில்தான் விழும், அவர்களிலும் ஏழைகள் இருக்கிறார்கள் என்பது. ஜீவனாம்சம் கேட்கும் மனைவியும் கூலி பாக்கிக்காகப் போராடும் தொழிலாளியும்கூடச் சம்மனைச் சார்வு செய்தாக வேண்டும் அல்லவா? உண்மை. ஆனால் பிரீமியம் பல்லாயிரம் தாள்களுக்குப் பங்கிடப்படும்போது ஒவ்வொன்றின் மேலும் ஏறும் சுமை அற்பமே. தவிர, ஒழுங்காகச் செய்யப்பட்ட சார்வினால் அந்த ஏழை வாதிகளுக்கும் நன்மை உண்டு. சார்வு பொய்யென்று பின்னால் நிரூபணமானால், சிரமப்பட்டுப் பெற்ற டிக்ரியே ரத்தாகி, வழக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

மூன்றாவது ஆக்ஷேபணை எல்லாவற்றிலும் கனமானது: ஜாமீன் எவரையும் உண்மை பேச வைத்துவிடாது என்பது. இதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஜாமீன் தனித்து நின்றால் அது அலமாரியில் உறங்கும் காகிதம்; பாதிக்கப்பட்டவர் அதை எட்டிப் பிடிக்கும் வழியையும் சட்டம் அமைத்துத் தர வேண்டும். நியூயார்க் நகரத்தின் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நன்கு உணர்ந்து செய்யப்பட்டது. ஜாமீனோடு கூட, சேவகர் தேர்வெழுதித் தேற வேண்டும்; தாள் கொடுத்த இடத்தையும் நேரத்தையும் ஜி.பி.எஸ். கருவி தானே பதிவு செய்ய வேண்டும். பதிவேடுகளை ஏழாண்டு பாதுகாக்க வேண்டும். பொய்ச் சார்வினால் பாதிக்கப்பட்டவர் நேரே வழக்குத் தொடுத்து நஷ்ட ஈடும் வக்கீல் செலவும் பெறலாம். அவர் பெற்ற இறுதித் தீர்ப்பின் பணம் அந்த ஜாமீனிலிருந்து கொடுபட வேண்டும். கருவி பொய்யைக் காட்டிக் கொடுக்கிறது. ஜாமீன் பொய்யால் நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்கிறது. ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பாதிப் பிரயோஜனமே.

உண்மையாகச் செய்த சார்வும் சில சமயங்களில் வீணாகிவிடுவதுண்டு. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரின் சர்க்கார் குடியிருப்பு ஒன்றில், வெளியேற்ற வழக்குகளின் சம்மன்களை வாசற்கதவில் ஒட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. ஒட்டிய தாள்களைக் குழந்தைகளும் மற்றவர்களும் கிழித்துவிடுவது அபூர்வமன்று என்பதைச் சேவகர்களே அறிந்திருந்தார்கள். அத்தகைய இடத்தில் கதவில் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்வது போதாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் கிரீன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒழுங்காக ஒட்டிய சேவகர்மீது இங்கே குற்றமில்லை. ஜாமீனுக்கும் இங்கே வேலையில்லை. ஜாமீனின் எல்லை எது என்பதை உணர்ந்தவர்களே அந்த எல்லைக்குள் அதை வலிமையாகக் கேட்க முடியும்.

இந்த விஷயம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 2002-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த சிவில் நடைமுறைச் சட்டத் திருத்தம், உயர் நீதிமன்றம் அங்கீகரித்த கூரியர் நிறுவனங்கள் மூலமும் சம்மன் அனுப்ப வழி செய்தது. பிரதிவாதி வாங்க மறுத்துவிட்டார் என்று கூரியர் ஊழியர் குறிப்பெழுதித் திருப்பினால், சம்மன் முறைப்படி சார்வாகிவிட்டது என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வரிக் குறிப்பு ஒரு குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுபோய்விடக்கூடும். தனியார் ஊழியரின் எழுத்துக்கு இத்தனை பலம் கொடுக்கும்போது, அதன் பின்னே யார், எவ்வளவுக்கு உத்தரவாதம் நிற்கிறார் என்ற கேள்வியை நம் சட்டமியற்றுவோரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க மாநிலங்களின் சட்டசபைகள் செய்ய வேண்டியவை மூன்று. ஜாமீனே கேட்காத மாநிலங்கள் உடனே கேட்கத் தொடங்க வேண்டும். பழைய அற்பத் தொகைகளை வைத்திருப்பவை அவற்றை இன்றைய டிக்ரிகளின் அளவுக்கு உயர்த்தி, பெரும் பங்கை நிறுவனங்கள்மீது சுமத்த வேண்டும். ஜாமீன் கம்பெனியின் பெயரும் பத்திரத்தின் எண்ணும் சார்வுப் பத்திரத்தின் மேலேயே அச்சிடப்பட்டு, வக்கீல் வைக்க வசதியில்லாதவரும் ஒரு சாதாரண மனுவின் மூலம் அதைக் கோரிப் பெற வழி வகுக்க வேண்டும். நீதிமன்றங்கள் சேவகருடைய சத்தியத்தை நம்பியே நாள்தோறும் தீர்ப்புகளை வழங்கிவருகின்றன. அந்த நம்பிக்கை தவறாகும் ஒவ்வொரு முறையும் அதற்கான விலையைக் கொடுப்பவன், வழக்கு நடப்பதையே அறியாத ஏழைக் குடிமகன். அந்த விலையை அவனிடமிருந்து எடுத்து, பொய்யினால் லாபம் பெற்றவர்களிடம் சேர்ப்பித்துவிட்டால், பொய் லாபகரமான தொழிலாக நீடிக்காது.